பிணம் அசையக் கூடாது

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வேண்டும். தியேட்டர் கான்டீனில் நிற்கிறவளுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். உள்ளே மூன்று மணி நேரம் சும்மா இருந்தவர்கள் எல்லாரும் கதவைத் தாண்டியதும் என் கவுண்டர் முன்னால்தான் நின்று பேச ஆரம்பிப்பார்கள். காபி வாங்க மாட்டார்கள், பாப்கார்ன் வாங்க மாட்டார்கள். முழங்கையைக் கவுண்டரில் ஊன்றிக்கொண்டு தீர்ப்பு மட்டும் சொல்வார்கள்.

அதிலும் இந்த ரோமாபுரிப் படம் வந்ததிலிருந்து தியேட்டர் இரண்டு கட்சியாகிவிட்டது. ஒரு கட்சிக்கு அது காவியம். இன்னொரு கட்சிக்கு அது கோடிகளைக் கரியாக்கிய கூத்து. “சக்கரவர்த்தி சாகறப்ப எனக்கு அழுகை வந்துடுச்சு” என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஒரு பெண் வருவாள். பின்னாலேயே அவள் புருஷன், “எனக்கும்தான் வந்துச்சு, இன்னும் ஒரு மணி நேரம் படம் இருக்குன்னு தெரிஞ்சப்ப” என்பான். டப்பிங்கில் ரோமாபுரிக்காரர்கள் மேடைத் தமிழில் “மகாஜனங்களே!” என்று முழங்குவது சிலருக்குப் புல்லரித்தது, சிலருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மற்ற நேரமாக இருந்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். இந்தப் படத்துக்கு என்னால் சிரிக்க முடியாது. என் வீட்டுக்காரரைப் படுக்கையில் தள்ளியது இந்தப் படம்தான்.

ரோமாபுரியை அவர்கள் கட்டியது எங்கள் ஊருக்கு வெளியே கிடந்த பொட்டல் வெளியில். வெளிநாட்டுக் கம்பெனி. பிளைவுட்டையும் சுண்ணாம்புக் கலவையையும் வைத்துக் கோட்டை, மதில், தூண், சிலை எல்லாம் எழுப்பி, ஊரில் சும்மா நின்றவன் தலையில் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தொப்பியை மாட்டிப் படைவீரன் ஆக்கினார்கள். அப்படிப் போனவர்களில் என் வீட்டுக்காரரும் உண்டு, அவருடைய அண்ணனும் உண்டு. இரண்டு பேருக்கும் அது புதிதில்லை. எடுக்கிற படத்துக்கெல்லாம் கூட்டத்தில் நிற்பதுதான் அவர்களுடைய தொழில்.

ஷூட்டிங்கில் கூட்டத்து ஆட்களுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. என் வீட்டுக்காரரைச் ‘சேட்டை’ என்பார்கள். சாப்பாட்டு வரிசையில் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சக்கரவர்த்தி மாதிரி நடந்து காட்டி எல்லாருக்கும் புரை ஏற வைப்பார். அவருடைய அண்ணனைப் ‘பொணம்’ என்பார்கள். அது திட்டு இல்லை, பட்டம். கேமரா ஓடும்போது செத்துக் கிடப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூக்கில் ஈ உட்கார்ந்தாலும் இமை ஆடாது.

அந்தத் தொழிலில் பிணத்துக்கு ஒரே சட்டம்தான். ‘கட்’ என்று சொல்கிற வரைக்கும் அசையக் கூடாது. எறும்பு கடித்தாலும், காதோரம் குதிரை மிதித்துக்கொண்டு போனாலும் அசையக் கூடாது. ஒரு பிணம் அசைந்தால் மொத்த ஷாட்டும் பாழ். மறுபடி புகை போட்டு, குதிரைகளைத் திருப்பிக் கொண்டுவந்து, செத்தவர்களை எல்லாம் செத்த இடத்திலேயே படுக்க வைத்து, முதலிலிருந்து எடுக்க வேண்டும். அசைந்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு எந்தப் படத்துக்கும் கூப்பிட மாட்டார்கள்.

கோட்டையை முற்றுகை போடுகிற காட்சி எடுத்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் மதில் உச்சியிலிருந்து விழுந்தார். முதுகெலும்பு போயிற்று. இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது. தலையிலும் அடி. அன்றைக்குக் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பியது வரைக்கும்தான் அவருக்கு ஞாபகம். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக் கூரைதான்.

கம்பெனி விசாரணை வைத்தது. கேமரா அப்போது ஓடவே இல்லையாம். சாப்பாட்டு இடைவேளையில் இந்த ஆள் யாரும் சொல்லாமல் ஏணியில் ஏறி, மதில் மேல் நின்று கூத்தடித்து, கால் தவறி விழுந்துவிட்டானாம். அதற்குச் சாட்சி சொன்னது வேறு யாரும் இல்லை, கூடப் பிறந்த அண்ணன், என் மூத்தார். “எறங்குடா எறங்குடான்னு எவ்வளவோ கத்தினேன். கேக்கலையே” என்று கம்பெனியிலும் சொன்னார், ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னிடமும் சொன்னார், பெற்ற அம்மாவிடமும் சொன்னார். கேட்டவர்கள் எல்லாரும் நம்பினார்கள். சேட்டை என்று பெயர் எடுத்தவன் சேட்டை செய்து விழுந்தான் என்றால் நம்புவதற்கு என்ன கஷ்டம்?

நஷ்ட ஈடு கிடையாது என்றார்கள். அது தொலையட்டும். அதற்கு அழ வேண்டிய அழுகையை அழுதுவிட்டு நான் இந்தக் கான்டீனில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பொறுக்காதது வேறு. தன் கொழுப்பால்தான் விழுந்தோம் என்று அவரே நம்பிவிட்டார். ஞாபகம் இல்லாத மனுஷன், சொன்னதைத்தானே நம்ப முடியும்? ஊரைச் சிரிக்க வைத்தவர் வாயைத் திறப்பதே “மன்னிச்சுக்கோ” என்று சொல்லத்தான் என்றாகிவிட்டது. புரட்டிப் படுக்க வைத்தால் மன்னிச்சுக்கோ. துணி மாற்றினால் மன்னிச்சுக்கோ. வேலைக்குக் கிளம்பும்போது செருப்புச் சத்தம் கேட்டால் மன்னிச்சுக்கோ.

மாமியார் மூத்தார் வீட்டில் இருக்கிறார். அவ்வப்போது பார்க்க வருவார். வந்து மகனுடைய காலைத் தடவிக்கொண்டே, “ஒன் வெளையாட்டுப் புத்தி பொண்டாட்டிய வேலைக்கு அனுப்பிடுச்சேடா” என்று கண்ணைத் துடைப்பார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “ஆமாம்மா” என்பார். அந்த ‘ஆமாம்மா’வைக் கேட்கும்போதெல்லாம் யார் கழுத்தையாவது நெரிக்க வேண்டும் போல எனக்குக் கை துறுதுறுக்கும். யார் கழுத்து என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

அதனால் படம் எங்கள் தியேட்டருக்கே வந்தபோது நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “உங்க வீட்டுக்காரர் நடிச்ச படம்ல? ஓசியில பாருங்கம்மா” என்றார் மேனேஜர். “நீங்களே ரெண்டு தடவை பாருங்க சார், என் பங்கையும் சேர்த்து” என்றேன். அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

படம் வந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். மத்தியான ஷோ விட்டதும் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டே என் கவுண்டருக்கு வந்தார்கள். ஒருவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிற வாத்தியார். படம் பிடிக்கவில்லை, இருந்தாலும் இரண்டாவது தடவையாக வந்திருந்தார். தப்பெல்லாம் ஒழுங்காகக் கணக்கெடுக்க வந்தாராம். இன்னொருவர் எதிர்த்த வரிசையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறவர். படத்தின் மேல் பைத்தியமாக இருந்தார்.

“குதிரையில கால் வைக்க வளையம் தொங்குது! ரோமாபுரியில ஏதுய்யா வளையம்? அது வந்ததே பின்னாடிதான்” என்றார் வாத்தியார். “செலையெல்லாம் வெள்ளை வெளேர்னு நிக்குது. அந்தக் காலத்துல செலைக்கெல்லாம் வர்ணம் அடிச்சிருப்பாங்க. ஒருத்தனாவது படிச்சுட்டுப் படம் எடுக்கறானா?”

“அவன் கதை சொல்றான் சார். நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்தறீங்க” என்றார் கடைக்காரர்.

“கதையா? அந்த ஏணிக் காட்சியில ஒருத்தன் மேலேர்ந்து விழறானே, அவன் கணுக்காலைப் பார்த்தீங்களா? நீலக் கட்டம் போட்ட துணி! தலையணை உறை மாதிரி! ரோமாபுரிச் சிப்பாய் தலையணை உறையைக் கால்ல சுத்திக்கிட்டா சண்டைக்குப் போனான்?”

மிஷினிலிருந்து வழிந்த காபி என் விரலில் கொட்டியது. சுட்டது எனக்கு உறைக்கவில்லை. அன்றைக்குக் காலையில் அவர் கிளம்பும்போது செருப்பு வார் கணுக்காலைக் கடித்துத் தோல் உரிந்திருந்தது. அவர்கள் கொடுத்த சண்டைக்காரச் செருப்பு அது, முழங்கால் வரைக்கும் வார். கைக்குக் கிடைத்த தலையணை உறையைக் கிழித்து நான்தான் சுற்றிவிட்டேன். நீலக் கட்டம் போட்டது. “கேமராவுல தெரிஞ்சா திட்டுவாங்க” என்றார் அவர். “ஒங்க காலை எவன் பார்க்கப் போறான்?” என்றேன் நான்.

“சார், அந்த ஆள் எங்கேர்ந்து விழறான்?” என்று கேட்டேன்.

“மதில் உச்சியிலேர்ந்து. ஏன்மா, நீங்க பார்க்கலையா?”

“படத்துலயே டாப்பு ஷாட் அதுதான்க்கா” என்றார் கடைக்காரர். “நெஜமாவே ஒருத்தன் விழற மாதிரி இருக்கும். அடிவயிறு கலங்கிடும்.”

“நெஜமாவா? அது கம்ப்யூட்டர்ல செஞ்சதுய்யா. முதுகு அப்படி வளையுமா எந்த மனுஷனுக்காவது? ஒரே போலி. அதைவிடக் கேவலம் கீழே கிடக்கற பொணம். மெதுவா கையை நீட்டி விழுந்தவன் கையைப் பிடிக்குது. செத்தவன் கை! அதைக்கூடக் கவனிக்காம விட்டிருக்கான்.”

“அது தப்பு இல்ல சார். வேணும்னே வெச்சது. உயிர் போறப்பக்கூடக் கூட்டாளியோட கையைத் தேடறான். அந்த ஒரு கைக்காகவே நான் நாலு தடவை பார்ப்பேன்.”

“பொணம் அசைஞ்சா அது தப்புதான்யா!”

போலியாம். முதுகு வளையாதாம். அந்த முதுகைத்தான் நான் தினமும் காலையில் துடைத்து, பவுடர் போட்டு, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்க வைக்கிறேன். வாத்தியாருடைய சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அதைக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாவம், அந்த ஆளுக்கு என்ன தெரியும்? அவர் கண்ணில் பட்ட இரண்டு தப்பும் சரியான தப்புதான்.

அடுத்த ஷோவில், கவுண்டரைப் பக்கத்திலிருந்த பெண்ணிடம் விட்டுவிட்டு, கதவுத் திரைக்குப் பின்னால் போய் நின்றேன். சக்கரவர்த்தி ஏதோ முழங்கினார். முரசு கொட்டியது. புகை. ஏணிகளைச் சாத்தினார்கள். நான் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நடு ஏணியில் நீலக் கட்டம் ஏறியது. அது அவர்தான். தொப்பிக்குள் முகம் தெரியவில்லை, ஆனால் அந்தத் தோளை எனக்குத் தெரியாதா? உச்சிப் படியில் நின்று வாளை ஓங்கினார். மற்ற ஏணியில் ஏறியவர்களுக்கெல்லாம் உச்சிக்குக் கீழேயே இடம் கொடுத்திருந்தார்கள், இவரை மட்டும்தான் அவ்வளவு மேலே ஏற்றியிருந்தார்கள். இடுப்பில் ஒரு கயிறு இல்லை. கயிறு இருந்தால் கேமராவில் தெரியும் அல்லவா? ஏணி சறுக்கியது. அவர் விழுந்தார். மதில் அடியில் இருந்த கல் விளிம்பில் முதுகு பட்டு, வாத்தியார் சொன்ன மாதிரியே எந்த மனுஷனுக்கும் வளையாத மாதிரி வளைந்தது.

படம் நிற்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை. அவர் விழுந்த பிறகும் கேமரா அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பிணங்கள் வரிசையாகக் கிடந்தன. இவருடைய வாய் அசைந்தது, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. பக்கத்தில் குப்புறக் கிடந்த பிணத்தின் கை மண்ணில் ஊர்ந்து வந்து இவருடைய மணிக்கட்டைப் பிடித்தது. சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்த கை. சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கிய விரல். அந்தக் கையால்தான் மூத்தார் என் கல்யாணத்தில் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அந்தக் கை பிடித்தபடியே இருந்தது. பின்னால் கதாநாயகனின் குதிரை நிதானமாக வந்து, இரண்டு பேரையும் தாண்டி, புகைக்குள் போகும் வரைக்கும் பிடித்தபடியே இருந்தது. தியேட்டரில் பாதிப் பேர் கை தட்டினார்கள். முன்வரிசையில் யாரோ, “பொணம் எந்திரிக்குதுடோய்!” என்று கத்த, மீதிப் பேர் சிரித்தார்கள்.

இடைவேளையாம். கூத்தடித்தானாம். இறங்குடா இறங்குடா என்று கத்தினாராம். எப்படிக் கத்துவார்? வாயை மூடிக்கொண்டு பிணமாகக் கிடந்தாரே! அன்றைக்கு அந்த மதில் அடியில் அத்தனை பேர் செத்துக் கிடந்தார்கள், கம்பெனி கேட்டபோதும் அத்தனை பேரும் பிணமாகவே இருந்துவிட்டார்கள். அடுத்த படத்துக்குக் கூப்பிட வேண்டுமே! தொப்பி போட்டவன் எல்லாம் ஒன்றுதான், எவனுக்கு அடையாளம் தெரியப்போகிறது என்று எங்கேயோ உட்கார்ந்து அந்த ஷாட்டை வெட்டி ஒட்டிப் படத்தில் சேர்த்திருக்கிறான் ஒருத்தன். மூத்தார் இப்போது கூட்டத்துக்கு ஆள் சேர்த்துவிடுகிற ஏஜென்ட். அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று எனக்கு அந்தத் திரைக்குப் பின்னால்தான் விளங்கியது. கழுத்து யாருடையது என்றும் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில், “இன்னிக்கு மத்தியானம் படத்துக்குப் போறோம்” என்றேன்.

“என் கொழுப்பை நான் தெரையில வேற பார்க்கணுமா?” என்றார் சுவரைப் பார்த்தபடி.

“அதைத்தான் பார்க்கப் போறோம். வாங்க.”

தியேட்டர் வாசலில் மேனேஜர் வந்து சக்கர நாற்காலிக்கு முன்னால் நின்றார். உள்ளே நாற்காலி வைக்க இடம் இல்லையாம், வழியை மறைக்குமாம், இன்ஸ்பெக்‌ஷன் வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டுமாம். “சார், இந்தப் படத்துக்குள்ளே இவர் இருக்காரு. தியேட்டருக்குள்ளே இருந்தா என்ன கொறைஞ்சுடும்?” என்று நான் போட்ட சத்தத்தில் டிக்கெட் வரிசையே திரும்பியது. மேனேஜர் ஒதுங்கிவிட்டார். படியில் தூக்க ஆள் வேண்டுமே என்று பார்த்தால், வரிசையில் அந்த வாத்தியாரும் கடைக்காரரும் நின்றுகொண்டிருந்தார்கள். “பிடிக்காத படத்துக்கு மூணாவது தடவையா சார்?” என்றேன். வாத்தியார் அசடு வழிந்தார். ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். தூக்குகிறபோதும் சண்டை ஓயவில்லை. பின்பக்கத்தைத் தூக்கிய கடைக்காரர், “சார், சிலைக்கு வர்ணம் அப்புறம் அடிக்கலாம், மொதல்ல ஒங்க பக்கத்தை ஒசத்திப் பிடிங்க” என்றார்.

நாற்காலியைக் கடைசி வரிசை ஓரத்தில் வைத்துக்கொண்டோம். முரசு கொட்டியதும் நான் அவருடைய காதருகில் குனிந்தேன். “நடு ஏணி. காலைப் பாருங்க.”

நீலக் கட்டத்தைப் பார்த்ததும் அவர் கழுத்தை முன்னால் நீட்டினார். ஏணி ஏறுகிற தன்னையே வாயைத் திறந்தபடி பார்த்தார். விழுந்தபோது நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். “கேமரா ஓடுது பாருங்க. இடைவேளை இல்லை. கூத்து இல்லை. ஏறச் சொன்னாங்க, ஏறினீங்க” என்று நான் அடிக்குரலில் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன்னை இல்லை, பக்கத்தில் கிடந்த பிணத்தை. கை ஊர்ந்து வந்தது. முன்னால் யாரோ சிரித்தார்கள்.

“அண்ணன்” என்றார். “ஏய், அண்ணன் அசைஞ்சிட்டான்!”

“ஆமா. அந்தக் கையாலதான்...”

“ஷாட்டுல அசைஞ்சிட்டான்! அவனுக்கு வேலை போயிருக்கும், தெரியுமா? தெரிஞ்சே அசைஞ்சிருக்கான். எனக்காக அசைஞ்சிருக்கான்!” கண்ணீர் கொட்டியது, முகம் முழுக்கச் சிரிப்பு. நான் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை காலம் ஆகிவிட்டது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் திரையையே கிழித்திருப்பேன். அவருக்கோ அதே கையைப் பார்த்து மனசு நிறைந்துவிட்டது. வாத்தியாரையும் கடைக்காரரையும் சொல்லி என்ன பயன்? பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த நாங்களே இரண்டு கட்சி.

வெளியே தூக்கிவந்ததும் வாத்தியார் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். “நீங்க சொல்லுங்க. அந்தப் பொணம் கையை நீட்டினது தப்பா இல்லையா?”

“தப்புதான் சார்” என்றார் என் வீட்டுக்காரர். “பொணம் அசையக் கூடாது. எங்க தொழில்ல அதுக்கு மன்னிப்பே கெடையாது.” சொல்லிவிட்டு விக்கி விக்கிச் சிரித்தார். வாத்தியாருக்கு வாதத்தில் ஜெயித்த சந்தோஷம். விஷயம் என்ன என்று நான் அவர்களிடம் சொல்லவில்லை. முதலில் வாயைத் திறக்க வேண்டியவர் வேறு ஒருவர் இருந்தார்.

வீட்டுக்கு வந்து நான் கத்தித் தீர்த்தேன். “கையைப் பிடிச்சாரு, சரி. எந்திரிச்சு நிறுத்துங்கடான்னு ஏன் கத்தலை? அதுகூடப் போகட்டும். அப்புறம் எதுக்கு அந்தப் பொய்? ஒங்க தலையில பழியைப் போட்டுட்டு வேலை வாங்கிக்கிட்டாரே!”

“பயந்திருப்பான். அவனுக்கும் குடும்பம் இருக்கு” என்றார். “அவன் அசைஞ்சதே எனக்குப் போதும். நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். நான் கூத்தடிச்சு விழலைன்னு அம்மாகிட்ட மட்டும் சொல்லட்டும். கம்பெனிகிட்ட வேண்டாம், ஊர்ல வேண்டாம். அம்மாகிட்ட மட்டும். அம்மா அந்த நெனப்போடவே போய்ச் சேர்ந்துடக் கூடாது.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் மூத்தார் வந்தார். இவர் போன் செய்து கூப்பிட்டிருந்தார். கையில் ஒரு பழப்பை. இவரை நான் குளிப்பாட்டி, சட்டை மாற்றி, நாற்காலியில் உட்கார வைத்திருந்தேன். நான் சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்க மாட்டேன் என்று இவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

“அண்ணா, படம் பார்த்தேன்” என்றார் இவர்.

மூத்தார் பழப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “அதையெல்லாம் எதுக்குடா பார்க்கறே? மனசுதான் கஷ்டம்.”

“கஷ்டம் இல்லண்ணா. நீ அசைஞ்சிட்டே!” இவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பொணம் அசைஞ்சிடுச்சு! தியேட்டர்ல ஒருத்தனுக்கொருத்தன் சண்டை போட்டுக்கறாங்க, அது தப்பா சரியான்னு. என் கையைப் பிடிச்சே பாரு, அது எனக்கு ஞாபகமே இல்ல. பார்த்தப்பதான் தெரிஞ்சுது. அந்த நேரத்துல நீ என்னை விடலை அண்ணா.”

மூத்தார் என்னைப் பார்த்தார். நான் பார்வையை எடுக்கவில்லை.

“அது நான் இல்லடா” என்றார்.

“என்னண்ணா?”

“அது வேற யாரோ. நான் அந்தப் பக்கமே படுக்கலை. நீ விழுந்தது எடைவேளையில. படத்துல விழறது வேற ஆள். எல்லாரும் ஒரே தொப்பி, ஒரே உடுப்பு. ஒனக்கு நீ மாதிரி தெரிஞ்சிருக்கும்.”

“கால்ல நான் கட்டிவிட்ட துணி இருக்கே மாமா!” வாக்காவது மண்ணாவது. நான் கத்திவிட்டேன். “ஒங்க விரல் இருக்கே! ஒங்க வீட்டுக் கதவு நசுக்கின விரல்! ஊர்ல எத்தனை பேருக்கு அப்படி விரல் இருக்கு?”

“விரல் எல்லாம் தெரையில எப்படித் தெரியும்மா? துணியும் அதே மாதிரி ஆயிரம் இருக்கும்.” அந்தக் கையைப் பழப்பைக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உச்சந்தலையில் ஏறியது. செய்த அக்கிரமத்தை மறைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்த ஒரே ஒரு நல்ல காரியத்தையும் மறைக்கிற மனுஷனை அன்றைக்குத்தான் பார்த்தேன். அந்தக் கை தன்னுடையது என்று சொன்னால் கேமரா ஓடியது உண்மையாகிவிடும். கேமரா ஓடியது உண்மையானால் சொன்னது எல்லாம் பொய்யாகிவிடும்.

இவர் கையைத் தூக்கி என்னை நிறுத்தினார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“அண்ணா, நீ கம்பெனிகிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஒன் வேலை ஒனக்கே இருக்கட்டும். என்கிட்டயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். அம்மாகிட்ட மட்டும் சொல்லு. சின்னவன் வெளையாடி விழலைன்னு ஒரு வார்த்தை.”

“நடக்காததை எப்படிடா நான் அம்மாகிட்ட சொல்ல முடியும்?”

இவர் அண்ணனையே பார்த்தார். கழுத்து நரம்பு புடைத்தது. விழுந்த நாளிலிருந்து இவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட உரிமை இருக்கிறது என்றே இவருக்குத் தெரியாது. அந்தக் கோபம் இப்போது முகத்தில் ஏறுவதைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

“இன்னிக்கு மத்தியான ஷோவுக்கு அம்மாவுக்கு ஒரு டிக்கெட் எடு” என்றார் என்னிடம். “நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். எங்க ரெண்டு பேரையும் பெத்து வளர்த்தவங்க. அந்தக் கை யாரோடதுன்னு அவங்க பார்த்துச் சொல்லட்டும்.”

மூத்தார் கையிலிருந்த பை கீழே விழுந்தது. பழங்கள் உருண்டன.

“வேண்டாம்டா” என்றார். “அம்மாவைக் கூட்டிட்டுப் போகாதே. வேண்டாம்டா.”

“எதுக்கு வேண்டாம்? ஒன் கைதான் இல்லையே.”

மூத்தார் அப்படியே தரையில் உட்கார்ந்து இவருடைய இரண்டு கால்களையும் கட்டிப் பிடித்துக்கொண்டார். முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தோள் குலுங்க அழுதார். அழுகைக்கு நடுவிலும் ‘வேண்டாம்’ என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை. சொல்லுவார், இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நான் காத்திருந்தேன். இவரும் காத்திருந்தார்.

கடைசியில் இவர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

“நீ பிடிச்சிருக்கறது எனக்குத் தெரியலண்ணா” என்றார். பிறகு என்னிடம் திரும்பி, “நீ கெளம்பு, போய்க் கூட்டிட்டு வா. அம்மா தலை சீவி, பொடவை மாத்தி வர நேரமாகும்” என்றார்.

நான் கிளம்பினேன்.